ஒரே ஒட்டுண்ணி, இரு வேறு முடிவுகள்: நோயின் கடுமையில் ஒட்டுண்ணியின் மரபுக்கு எவ்வளவு பங்கு?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரே கொட்டகையில் நின்ற இரண்டு மாடுகளுக்கும் ரத்தப் பரிசோதனையில் தைலேரியா (உண்ணி வழியாகப் பரவும் ரத்த ஒட்டுண்ணி) என்றே முடிவு வந்தது, அவற்றுள் ஒன்று சில நாட்களில் இறந்துவிட்டது, மற்றொன்று தீவனம் எடுப்பதைக்கூடக் குறைக்கவில்லை, ஒட்டுண்ணியின் மரபணு வேறுபாடு இதற்குக் காரணமாக இருக்குமா, அல்லது மாட்டின் உடல்வாகுதான் காரணமா?

ஒட்டுண்ணியின் மரபு காரணமாக இருக்கக்கூடும். பரிசோதனைச் சீட்டில் ஒரே பெயரில் எழுதப்படும் ஒட்டுண்ணிக்குள் ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபட்ட பல மரபணு வகைகள் அடங்கியிருக்கின்றன என்பதும், அவ்வேறுபாடுகளில் சில விலங்கு பிழைக்குமா சாகுமா என்பதையே முடிவு செய்கின்றன என்பதும் பல உயிரினங்களில் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளன. ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் 'அல்லது' என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குகிறேன். ஒட்டுண்ணியின் ஒரு மரபணு ஓர் எலியில் கொலைக்கருவியாகவும் அடுத்த எலியில் பயனற்ற பொருளாகவும் இருப்பதைக் காட்டிய ஆய்வுகள் உள்ளன; ஆகவே வீரியம் என்று நாம் சொல்வதை இரு உயிர்களின் மரபுகள் சந்திக்கும் இடத்தில்தான் தேட வேண்டும். இதை முதலில் சான்று மிகத் தெளிவாக உள்ள டாக்சோபிளாஸ்மாவை வைத்து விளக்கிவிட்டு, பிறகு மாடுகளுக்கு வருகிறேன்.

டாக்சோபிளாஸ்மா காண்டியை 1908ஆம் ஆண்டு துனிஸ் நகரில் நிக்கோலும் மான்சோவும் 'கண்டி' என்னும் வட ஆப்பிரிக்கக் கொறித்துண்ணியில் கண்டறிந்தனர். அதே ஆண்டில் பிரேசிலில் ஸ்ப்ளெண்டோர் அதை முயலில் கண்டார். பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே அது பாலினப் பெருக்கம் செய்கிறது; மற்றபடி எலி, ஆடு, பன்றி, கோழி, மனிதர் என ஏறக்குறைய எல்லா வெப்ப ரத்த விலங்குகளிலும் குடியேறக்கூடியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சேகரித்த மாதிரிகளை மரபணு முறையில் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை மூன்று வம்சங்களுக்குள் அடங்கின. அவற்றை முதல், இரண்டாம், மூன்றாம் வகை என்று அழைக்கிறார்கள். மூன்றும் ஒரே இனம். நுண்ணோக்கியில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் ஆய்வக எலிக்குள் செலுத்தினால் கதை வேறு. முதல் வகையில் உயிருள்ள ஒரே ஓர் ஒட்டுண்ணி போனாலும் எலி இறந்துவிடும். இரண்டாம் வகையில் பாதி எலிகளைக் கொல்ல ஆயிரம் அல்லது அதற்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகள் தேவைப்படும். மூன்றாம் வகையில் லட்சக் கணக்கில் செலுத்தினாலும் பெரும்பாலான எலிகள் பிழைத்துக்கொள்ளும்.

இந்த வேறுபாடு எந்த மரபணுவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பயிர் வளர்ப்பவர்கள் செய்யும் அதே வழியைத்தான் ஆய்வாளர்கள் கையாண்டார்கள்: கலப்பு செய்து, சந்ததிகளில் எந்தப் பண்பு எந்த மரபணுத் துண்டோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தார்கள். கலப்பு பூனையின் குடலில்தான் நடக்கும் என்பதால் இது எளிய வேலையல்ல. பூனைக்கு இரண்டு வகைகளையும் ஒருசேர ஊட்டி, அதன் மலத்தில் வெளிவரும் ஊசிஸ்டுகள் என்னும் முட்டை போன்ற உறைகளிலிருந்து ஒவ்வொரு சந்ததியையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து, ஒவ்வொன்றையும் எலிகளில் சோதிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸில் சிப்லியின் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் பூத்ராய்டின் குழுவும் தனித்தனியே செய்த கலப்புகள் ஒரே மரபணுவைச் சுட்டின. அதன் பெயர் ரோப்-18. ஒட்டுண்ணி உயிரணுவுக்குள் நுழையும்போது தன் முன்முனையில் உள்ள ராப்ட்ரி என்னும் பைகளிலிருந்து உள்ளே செலுத்தும் கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட் சேர்க்கும்) நொதி அது. மூன்றாம் வகையிலும் இந்த மரபணு இருக்கிறது; ஆனால் அதை இயக்கும் முன்பகுதியில் உள்ள ஒரு மாற்றத்தால் அது ஏறக்குறைய ஊமையாகவே கிடக்கிறது. முதல் வகையின் ரோப்-18ஐ மட்டும் எடுத்து மூன்றாம் வகைக்குள் புகுத்தியபோது, முன்பு தேவைப்பட்டதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவான ஒட்டுண்ணிகளே எலியைக் கொல்லப் போதுமானவையாயின.

இத்தோடு முடிந்திருந்தால், 'கொடிய மரபணு ஒன்று கிடைத்துவிட்டது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் முதல் வகையை இரண்டாம் வகையோடு கலந்து பார்த்தபோது ரோப்-18 கண்ணிலேயே படவில்லை. அங்கே வேறுபாட்டின் பெரும்பகுதியை வேறொரு மரபணுத் தொகுதி, ரோப்-5, தீர்மானித்தது. 2011ஆம் ஆண்டு வெளியான இரு ஆய்வுகள் இதை நிறுவின. முதல் வகையிலிருந்து ரோப்-5ஐ நீக்கியதும் அதன் கொல்லும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. முரண்பாடு போல் தோன்றும் இதற்கு விளக்கம் எளிது. முதல் வகையிடம் இரண்டு கருவிகளும் கூர்மையாக உள்ளன. இரண்டாம் வகையிடம் ரோப்-18 வேலை செய்கிறது, ரோப்-5 மழுங்கியிருக்கிறது. மூன்றாம் வகையிடம் ரோப்-5 கூர்மையாகவே இருக்கிறது, ரோப்-18 ஊமை. எவ்விரண்டை ஒப்பிடுகிறோமோ, அவற்றுக்கிடையே வேறுபடும் கருவிதான் 'காரணம்' என்று நம் கண்ணுக்குத் தெரியும்; இரண்டிலும் பொதுவாக உள்ளது மறைந்து நிற்கும். வீரியத்திற்குக் காரணமான மரபணு என்று எங்கே படித்தாலும், எதோடு எதை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதிலிருந்து இன்னொரு விளைவும் பிறக்கிறது; அது என்னை இன்றும் கவலை கொள்ள வைக்கிறது. இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் எலிக்கு ஒப்பீட்டளவில் சாதுவானவை. ஆனால் அவ்விரண்டையும் கலந்தபோது பிறந்த சந்ததிகளில் சில, பெற்றோர் இருவரையும்விட மிகக் கொடியவையாக இருந்தன. ஒன்றிடமிருந்து இயங்கும் ரோப்-18, மற்றொன்றிடமிருந்து கூர்மையான ரோப்-5 என இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டதே அதற்குப் பெருமளவு காரணம். புதிய மரபணு எதுவும் தோன்றத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ளவை புதிதாகச் சேர்ந்தாலே போதும். இரண்டு மிதமான வகைகள் ஒரே பகுதியில் சுற்றிவருகின்றன என்பது நிம்மதி தரும் செய்தியாக எப்போதும் இராது.

இனி இந்தக் கருவிகள் எதைத் தாக்குகின்றன என்று பார்க்க வேண்டும், ஏனெனில் ஓம்புயிரின் (ஒட்டுண்ணி குடியேறும் விலங்கின்) பங்கு அங்கேதான் வெளிப்படுகிறது. டாக்சோபிளாஸ்மா எலியின் உயிரணுவுக்குள் புகுந்து, தன்னைச் சுற்றி ஒரு சவ்வுப் பையை அமைத்துக்கொண்டு அதற்குள் பெருகுகிறது. எலியின் உடல் இன்டர்ஃபெரான்-காமா என்னும் சமிக்ஞையை வெளியிட்டதும், ஐ.ஆர்.ஜி. எனப்படும் புரதங்கள் உயிரணுவுக்குள் திரண்டு, அந்தப் பையின் மேல் படிந்து, சவ்வைக் கிழித்துவிடுகின்றன. பை கிழிந்தால் ஒட்டுண்ணியும் அழிகிறது. ரோப்-5 இந்தப் புரதங்களைப் பிடித்து அசையாமல் நிறுத்துகிறது. ரோப்-18 அவற்றின் செயல்முனையில் பாஸ்பேட் சேர்த்துச் செயலிழக்கச் செய்கிறது. ஒருவர் கையைப் பிடிக்க, மற்றவர் ஆயுதத்தைப் பறிப்பது போன்ற கூட்டு வேலை இது. ரோப்-5 ஒரு போலிக் கைனேஸ். தானாக எந்த வேதிவினையையும் அது செய்வதில்லை. ஆயினும் அது இல்லாமல் ரோப்-18ஆல் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜொனாதன் ஹோவர்டின் குழு 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இவை அனைத்தையும் திருப்பிப் போட்டுப் பார்க்கச் செய்தது. அதுவரை சோதிக்கப்பட்ட எலிகள் பெரும்பாலும் ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அவர்கள் இந்தியாவில் பிடிக்கப்பட்ட காட்டு எலிகளின் வழிவந்த ஒரு வம்சத்தில், மிகக் கொடியது என்று பெயர் பெற்ற முதல் வகையைச் செலுத்தினார்கள். எலிகள் பிழைத்துக்கொண்டன. அந்த எலிகளிடம் உள்ள ஐ.ஆர்.ஜி. புரதங்களில் ஒன்று ரோப்-5ஐத் தன்மீது பிடித்துவைத்துக்கொண்டு, மற்ற புரதங்கள் பையைக் கிழிக்க வழிவிடுவதே அதற்குக் காரணம். ஒட்டுண்ணியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை; எதிரே நின்ற விலங்கு மாறியது, வீரியம் காணாமற் போயிற்று. ஒட்டுண்ணியின் பக்கம் நின்று யோசித்தாலும் இது பொருந்தி வருகிறது. எலியைச் சில நாட்களில் கொன்றுவிடும் ஒட்டுண்ணிக்குத் திசுக்களில் நிலைத்த உறைகளை உண்டாக்க அவகாசம் போதாது. அவ்வுறைகள் இல்லாவிட்டால், எலியைத் தின்னும் பூனைக்குள் போய்ச் சேரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. ஆய்வக எலியைக் கொல்வது ஒட்டுண்ணிக்கு ஆதாயமாக இருக்க முடியாது. எதிர்ப்பாற்றல் மிகுந்த காட்டு எலிக்குள் தப்பிப் பிழைப்பதற்காகக் கூர்தீட்டப்பட்ட கருவி, அந்த எதிர்ப்பாற்றல் இல்லாத எலியிடம் அளவு மீறி வேலை செய்துவிடுகிறது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மனிதரிடம் எலிக்கு இருப்பது போன்ற ஐ.ஆர்.ஜி. படை இல்லை, ஆகவே எலியில் அளந்த வீரியத்தை அப்படியே மனிதருக்கோ ஆட்டுக்கோ பொருத்திச் சொல்லக்கூடாது. எலிக்குச் சாதுவான இரண்டாம் வகைதான் ஐரோப்பாவில் செம்மறி ஆடுகள் குட்டி வீசுவதற்குப் பரவலான காரணமாக இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். மறுபுறம், மரபணு வகைக்கும் கடுமைக்கும் உள்ள தொடர்பு காட்டு விலங்குகளிலும் தெரிகிறது. கலிபோர்னியக் கடற்கரையின் கடல் நீர்நாய்களில் டாக்சோபிளாஸ்மா தொற்று பரவலாக உண்டு; பெரும்பாலானவை அதோடு வாழ்கின்றன. அவற்றில் உயிரிழப்போடு அதிகம் தொடர்புடையதாக அடையாளம் காணப்பட்டது 'எக்ஸ்' வகை எனப்படும் மரபணு வகை. 2020க்கும் 2022க்கும் இடையில் கரையொதுங்கிய நான்கு நீர்நாய்களில், முன்பு கனடாவின் மலைச் சிங்கங்களில் அறியப்பட்டிருந்த 'கூக்' என்னும் அரிய வகை கண்டறியப்பட்டது. உடற்கொழுப்பு முழுவதும் அழற்சி கண்டு அவை இறந்திருந்தன. பூனை மலத்திலிருந்து மழைநீரோடு கடலுக்குச் சென்ற ஒரு குறிப்பிட்ட மரபணு வகை, அங்கே வழக்கத்திற்கு மாறான நோயை உண்டாக்கியிருக்கிறது.

ஒரு மரபணுவின் ஒரே ஓர் இடம் மாறினாலும் நோயின் போக்கு மாறும் என்பதற்கு எலி மலேரியா நல்ல சான்று. மத்திய ஆப்பிரிக்காவின் புதர் எலிகளிலிருந்து கிடைத்த பிளாஸ்மோடியம் யோலி என்னும் ஒட்டுண்ணியில், 17எக்ஸ் எனப்படும் திரிபு (ஒரே இனத்துக்குள் மரபால் வேறுபட்ட வம்சம்) ஆய்வக எலிகளில் மிதமான காய்ச்சலை உண்டாக்கிப் பின் தானே தணிந்துவிடும். அதன் நெருங்கிய உறவான ஒய்.எம். என்னும் திரிபு ஏறக்குறைய ஒரு வாரத்தில் எலியைக் கொன்றுவிடும். 2009ஆம் ஆண்டு இரண்டு குழுக்கள் இதன் காரணத்தை ஒரே புரதத்தில் கண்டன. ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் அந்தப் புரதத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஆர்ஜினின் என்னும் வேறொன்று இருந்தது. இந்த ஒற்றை மாற்றத்தால், இளஞ் சிவப்பணுக்களுக்குள் மட்டும் நுழைந்துகொண்டிருந்த ஒட்டுண்ணி முதிர்ந்த சிவப்பணுக்களுக்குள்ளும் நுழையத் தொடங்குகிறது. ரத்தத்தில் இளஞ் சிவப்பணுக்கள் எப்போதும் சிறு பங்குதான். முதிர்ந்தவற்றின் வாசல் திறந்துவிட்டால் ஒட்டுண்ணியின் பெருக்கத்திற்கு வரம்பே இல்லாமல் போகிறது. இங்கே கடுமை என்பது எண்ணிக்கையின் விளைவு.

எப்போதும் அப்படித்தான் என்றும் எண்ணிவிடக்கூடாது. டிரிப்பனோசோமா புரூசி என்னும் ஆப்பிரிக்க ஒட்டுண்ணியின் இரு திரிபுகளைக் கலந்து 2009ஆம் ஆண்டு கிளாஸ்கோ ஆய்வாளர்கள் செய்த சோதனையில், எலியின் மண்ணீரலும் கல்லீரலும் எந்த அளவுக்கு வீங்குகின்றன என்பதைப் பெருமளவு தீர்மானிக்கும் இடம் ஒட்டுண்ணியின் மூன்றாம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. ரத்தத்தில் நீந்தும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்த வீக்கத்தை விளக்கிவிட முடியாது; ஓம்புயிரின் எதிர்வினையை ஒரு திரிபு எப்படித் தூண்டுகிறது என்பதும் நோயின் ஒரு பகுதி. ரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி 'குறைவாகத்தான்' இருக்கிறது என்று ஆறுதல் கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி மாடுகள். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான சான்று தைலேரியா ஓரியன்டாலிஸ். இந்த ஒரே பெயரின் கீழ், ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் உள்ள ஒரு முதன்மைப் புரதத்தின் மரபணுவை வைத்து 11 வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் சிட்டோசே, இக்கேடா, பஃபெலி ஆகியவை பெயர் பெற்றவை. நியூசிலாந்தில் 1980களிலிருந்தே இந்த ஒட்டுண்ணி இருப்பது தெரியும். பெரிய தொல்லை ஏதும் இல்லாததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்போது இருந்தது சிட்டோசே வகை. 2012ஆம் ஆண்டு நாட்டின் வடபகுதியில் கறவை மாடுகள் கடும் ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் கண்டு சாகத் தொடங்கின, சினை மாடுகள் கன்று வீசின. பரிசோதித்தால் அதே தைலேரியா ஓரியன்டாலிஸ். மரபணு வகை மட்டும் வேறு: இக்கேடா. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2006 முதல் இதே கதை நடந்திருந்தது. 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் இக்கேடா கண்டறியப்பட்டது. மேய்ச்சல் நிலம் அதே, மாட்டினமும் அதே. புதிதாக வந்தது ஒட்டுண்ணியின் ஒரு மரபணு வகை. 'தைலேரியா ஓரியன்டாலிஸ் ஆபத்தற்றது' என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்த மருத்துவர்களுக்கு அது தவறான துணிவைக் கொடுத்திருக்கும். இவ்வகைகளின் மரபணுத் தொகுதிகளை முழுமையாக ஒப்பிட்டபோது தெரிந்த இடைவெளி சிறியதல்ல. இவற்றை ஒரே இனமாக வைத்திருப்பதே சரிதானா என்று கேட்கும் அளவுக்கு அது இருக்கிறது. கேரளத்தின் வயநாட்டில் மாடுகளிலும் எருமைகளிலும் இந்த ஒட்டுண்ணியால் நோய் பதிவாகியிருப்பதால், நம் பக்கத்தில் உள்ளவர்களுக்கும் இது தொலைவில் நடந்த செய்தி அல்ல.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சலுக்குக் காரணமான தைலேரியா பார்வா இதே பாடத்தை இன்னும் கூர்மையாகக் கற்பிக்கிறது. அதன் இயல்பான இருப்பிடம் ஆப்பிரிக்கக் காட்டெருமை. காட்டெருமை அதைச் சுமந்துகொண்டு நோயின்றி வாழ்கிறது. காட்டெருமையில் சுற்றிவரும் திரிபுகள் மாடுகளில் சுற்றிவருபவற்றைவிட மரபளவில் மிகப் பன்மையானவை. அவை உண்ணி வழியாக மாட்டிற்குள் வந்தால், நிணநீர்ச் சுரப்பிகளிலும் சிவப்பணுக்களிலும் ஒட்டுண்ணி மிகக் குறைவாகவே தென்படும். ஆனால் மாடு விரைவில் இறந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஹ்லுஹ்லுவே, உம்ஃபொலோசி காப்பகங்களுக்கு இடைப்பட்ட நிலத்தின் பெயரால் இதைக் 'காரிடார் நோய்' என்கிறார்கள். சிவப்பணுக்களுக்கு வந்து சேருமுன் மாடு இறந்துபோவதால் உண்ணிக்கு எடுத்துச்செல்ல ஒன்றும் கிடைப்பதில்லை. ஒட்டுண்ணிக்கும் அது முட்டுச்சந்துதான். மாடுகளுக்கிடையே நீண்ட காலம் பரவி வந்த திரிபுகளோ சிவப்பணுக்களில் ஏராளமாகத் தோன்றுகின்றன, பிழைத்த மாட்டில் தங்கிவிடுகின்றன.

திரிபுகளின் இந்தப் பன்மை தடுப்பூசியையும் விட்டுவைக்கவில்லை. கென்யாவின் முகூகாவில் 1970களில் உருவான முறையில், உயிருள்ள ஒட்டுண்ணியை மாட்டிற்குள் செலுத்தி, உடனே நீண்ட நேரம் செயல்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் போட்டு நோயை அடக்குகிறார்கள். ஒரு திரிபினால் உண்டான எதிர்ப்பாற்றல் மற்றொரு திரிபைத் தடுக்காமல் போனதால், மூன்று திரிபுகளைக் கலந்துதான் அதைத் தயாரிக்க வேண்டியிருந்தது. காட்டெருமைகள் மேயும் இடத்தில் அந்தக் கலவையும் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. முன்பு நோய் கண்டு பிழைத்த மாடு வேறொரு திரிபினால் மீண்டும் கடுமையாக நோயுறுவதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு செய்தியை இங்கே சொல்லாமல் போக முடியாது. மேற்குக் கென்யாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கன்றுகளைப் பிறந்தது முதல் ஓராண்டு வரை பின்தொடர்ந்து, அவற்றின் உடலில் இருந்த எல்லாத் தொற்றுகளையும் பதிவு செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 2015இல் வெளியானது. தைலேரியா பார்வாவோடு, தைலேரியா மியூட்டன்ஸ், தைலேரியா வெலிஃபெரா போன்ற சாதுவான உறவினங்களும் சேர்ந்திருந்த கன்றுகளில், பார்வாவால் உண்டாகும் இறப்பு 89 சதவீதம் குறைந்திருந்தது. சாதுவான உறவு முன்னதாக வந்து உடலைப் பழக்கியிருந்தால், கொடியது வரும்போது உடல் தாங்கிக்கொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது. டிரிப்பனோசோமா புரூசியிலும், வீரியம் குறைந்த திரிபும் கூடிய திரிபும் ஒரே எலிக்குள் போட்டியிடும்போது எலி அதிக நாள் வாழ்ந்தது. ஆகவே 'எந்த வகை இருக்கிறது' என்பதோடு, 'கூட வேறு எது இருக்கிறது' என்றும் கேட்க வேண்டும். சிட்டோசேயும் இக்கேடாவும் ஒரே மாட்டில் சேர்ந்திருப்பது சாதாரணமாகக் காணப்படுவது.

ஆப்பிரிக்காவில் ட்செட்சே ஈ கடித்து மாடுகளுக்குப் பரவும் டிரிப்பனோசோமா காங்கோலென்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சவானா, காடு, கிலிஃபி என்ற அதன் மூன்று மரபணு வகைகளை மாடுகளில் ஒப்பிட்டபோது, சவானா வகை கொன்றது; மற்ற இரண்டிலிருந்து மாடுகள் தாமாகவே தேறின. சவானா வகைக்குள்ளேயும், சாம்பியாவில் காட்டு விலங்குகளிடையே சுற்றிவரும் திரிபுகள், வீட்டு மாடுகளிடையே சுற்றிவருபவற்றைவிட எலிகளில் கொடியவையாக இருந்தன. ட்செட்சே ஈக்கள் கடிக்கக் காட்டு விலங்கு கிடைக்காத ஊர்களில், மாட்டை விரைவில் கொன்றுவிடும் திரிபு தானும் அதனோடு மறைந்துபோகிறது. மெதுவாக வாழவிடும் திரிபே மிஞ்சுகிறது.

இந்தத் தேர்வை மனிதர்களும் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். கோழிகளின் ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான எய்மீரியாவில், கழிச்சலில் முதன்முதலாக வெளிவரும் ஊசிஸ்டுகளை மட்டும் எடுத்து அடுத்த கோழிக்குக் கொடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து, குடலுக்குள் பெருகும் சுற்றுகள் குறைந்த வம்சத்தை 1970களில் ஜெஃபர்ஸ் உருவாக்கிக் காட்டினார். குடல் புண்ணாவது குறைந்தது, எதிர்ப்பாற்றல் மட்டும் முன்போலவே உண்டாயிற்று. இன்று பயன்படும் சில தடுப்பு மருந்துகளுக்கு அதுவே அடிப்படை. நம் மாடுகளைத் தாக்கும் தைலேரியா அனுலேட்டாவுக்கு இந்தியாவில் கிடைக்கும் ரக்ஷாவாக்-டி தடுப்பூசியும், ஆய்வகத்தில் நீண்ட காலம் மறுவளர்ப்பு செய்து வீரியம் குறைக்கப்பட்ட ஒட்டுண்ணிதான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: அந்த வீரியக் குறைவில், மரபணு எழுத்துகள் மாறியதைவிட மரபணுக்கள் வெளிப்படும் அளவு மாறியதன் பங்கு முக்கியமாகத் தெரிகிறது. ஒட்டுண்ணி குடியேறிய வெள்ளணுக்கள், திசுவைக் கரைத்து வழி உண்டாக்கும் நொதிகளை முன்பைவிடக் குறைவாகச் சுரக்கின்றன. அதனால் உடல் முழுவதும் பரவும் திறனை இழக்கின்றன. மரபணு வரிசையைப் படிப்பது மட்டுமே வீரியத்தைச் சொல்லிவிடாது என்பதற்கு இது சான்று.

உங்கள் இரண்டு மாடுகளுக்குத் திரும்புகிறேன். தமிழ்நாட்டில் தைலேரியா என்று முடிவு வந்து மாடு விரைவில் இறந்திருந்தால், முதலில் நினைக்க வேண்டியது அனுலேட்டா. அந்த ஒட்டுண்ணியைப் பொறுத்தவரை, மாட்டினத்தின் பங்கு மிகத் தெளிவாக அளக்கப்பட்டிருக்கிறது: ஒரே திரிபை ஒரே அளவில் செலுத்தி, மருந்து கொடுக்காமல் கவனித்தபோது, ஹோல்ஸ்டைன் கன்றுகள் கடுமையாக நோயுற்றன, சாஹிவால் கன்றுகள் காய்ச்சல் கண்டு தேறின. எனவே இறந்தது கலப்பின மாடாகவும் நிற்பது நாட்டு மாடாகவும் இருந்தால், மரபணு வேறுபாட்டை ஒட்டுண்ணியில் தேடுமுன் மாட்டில் தேடுவதே முறை. இரண்டும் ஒரே இனமென்றால் வயது, சினை, அண்மையில் வெளியூரிலிருந்து வாங்கி வந்ததா, உடலில் எத்தனை உண்ணிகள் இருந்தன, கன்றுப் பருவத்திலேயே தொற்று வந்து தேறியதா என்பவற்றைக் கேட்பேன். இவையெல்லாம் ஒத்திருந்து முடிவு மட்டும் வேறாக இருந்தால், அப்போது ஒட்டுண்ணியின் வகை வலுவான சந்தேகமாகிறது. தைலேரியாவுக்குக் கொடுக்கும் புபார்வாகுவோன் ஊசி போட்டும் பலனில்லை என்றால், ஒட்டுண்ணியின் சைட்டோகுரோம்-பி மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் மருந்துக்கு அடங்காத திரிபுகள் சில நாடுகளில் உண்டாகியிருப்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அது வீரியம் அல்ல, ஆனால் கொட்டகையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சாயமேற்றிய ரத்தப் பூச்சில் சிவப்பணுவுக்குள் தெரியும் சிறு வளையங்களை வைத்து, அது அனுலேட்டாவா ஓரியன்டாலிஸா என்று உறுதியாகப் பிரிப்பது அனுபவமுள்ளவர்களுக்கும் கடினம். வீங்கிய நிணநீர்ச் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த நீரில் நீலத் திரள்கள் தெரிந்தால் அனுலேட்டா என்பதற்கு அது வலுச் சேர்க்கும். இனத்தை உறுதி செய்ய பி.சி.ஆர். என்னும் மரபணுப் பரிசோதனை தேவை, ஓரியன்டாலிஸ் என்று வந்தால் அதன் மேற்பரப்புப் புரத மரபணுவையும் பார்க்கும்படி கேளுங்கள், இக்கேடாவா சிட்டோசேயா என்பது அதில்தான் தெரியும். அனுலேட்டா என்று வந்தால், ஒரே மாட்டுக்குள் பல மரபணு வகைகள் கலந்திருக்கும் என்பதை எதிர்பாருங்கள். நோய் நிலைத்த பகுதிகளில் அதுவே வழக்கம். இறந்த மாட்டின் மாதிரி இனிக் கிடைக்காது என்றாலும், நிற்கும் மாட்டின் ரத்தத்தை ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. குப்பியில் எடுத்துக் குளிரில் வைத்துக் கால்நடை நோய்க் கண்டறியும் ஆய்வகத்திற்கு இப்போதே அனுப்பலாம். அந்த மாடு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் அதன் சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி நெடுநாள் தங்கியிருக்கும். உங்கள் கொட்டகையில் உள்ள உண்ணிகள் அடுத்து பிறக்கும் கன்றுகளுக்குக் கொண்டுசேர்க்கப் போவது அதன் உடலில் உள்ள வகைகளைத்தான்.